வசந்தாமணியின் இரண்டாவது துப்பாக்கி

வசந்தாமணியின் கைகள் ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் மளிகைக் கடையின் விளம்பரத் தாளை விரித்து, அதன் மேல் ஒரு பழைய பனியன் துணி, ஒரு தேய்ந்த பல் பிரஷ், சின்ன எண்ணெய்க் குப்பி. உருளையை வெளியே தள்ளி, பால் புட்டி கழுவுகிற மாதிரி ஐந்து துளைகளிலும் மெல்லிய பிரஷை விட்டு எடுத்தாள். முடித்ததும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஐந்து துளைகளிலும் லிவர்மோர் வெயில் தெரிந்தது. ஐந்திலும் வெளிச்சம் தெரிந்தால் காலி. பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த துப்பாக்கிப் பாடம் இவ்வளவுதான். அதில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

உருளையை மூடப் போனபோது வலது கட்டைவிரலின் அடிமூட்டு சுருக்கென்று குத்தியது. ரிவால்வரைத் துணியின் மேல் வைத்துவிட்டு விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அந்த விரலை வாங்கிக்கொண்டது அவள் வேலைதான். இருபத்தாறு வருஷமாக மில்பிடாஸில் ஒரு முதியோர் இல்லத்தில் மனிதர்களைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்தவள். அறுபத்து மூன்று வயதிலும் வாரத்தில் மூன்று நாள் போகிறாள். விரல் போனதில் அவளுக்குப் புகார் ஏதும் இல்லை. விரலோடு சேர்த்து வீடும் போய்விடுமோ என்பதுதான் கவலை.

வீடு கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஊருக்கு வெளியே, சாலை முடிகிற இடத்தில் இருந்தது. போலீஸை அழைத்தால் வந்துசேர நாற்பது நிமிஷம் ஆகும். கணவர் சேனாபதி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்த வாரம் இந்த ரிவால்வரை வாங்கினார். சுட்டதே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வசந்தாமணி துப்பாக்கிப் பாதுகாப்புத் தேர்வு எழுதி அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். வைத்திருந்தால் சுடத் தெரிய வேண்டும் என்று மாதத்தின் முதல் சனிக்கிழமை சுடுகளத்துக்குப் போக ஆரம்பித்தாள். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. தாளில் ஒரு வட்டம், கையில் ஐந்து தோட்டா, அவ்வளவுதான். அது அவளுக்குப் பிடித்துப்போனது.

ஆஸ்டினில் இருக்கும் மகன் கவினுக்குப் பிடிக்கவில்லை.

"கை வலிக்குதுன்னா அதைக் குடுத்துட்டு வீட்டை sell பண்ணிட்டு இங்க வந்துரும்மா. தனியா அங்க எதுக்கு?"

"அங்க வந்து என்ன பண்றது?"

"Rest எடு."

"ரெஸ்ட் எடுக்கறவங்களத்தான் வாரத்துக்கு மூணு நாள் குளிப்பாட்டிட்டு இருக்கறேன் கண்ணு. எனக்கு இன்னும் அவசரமில்ல."

வாயால் ஜெயித்துவிட்டாள். ஆனால் டிசம்பர் மாத சனிக்கிழமை சுடுகளத்தில் மூன்றாவது தோட்டா தாளுக்கே வெளியே போனது. நான்காவதுக்கு விசையை இழுக்கவே முடியவில்லை. ரிவால்வரின் விசை கனமானது. ஒவ்வொரு முறையும் உருளையைச் சுற்றி, தோட்டாவை அடிக்கும் சுத்தியலைத் தூக்கி, எல்லாம் ஆள்காட்டி விரலின் ஒரே இழுப்பில்தான் நடக்க வேண்டும்; அந்தப் பாரமெல்லாம் பிடியை இறுக்கியிருக்கும் கட்டைவிரல் மூட்டில்தான் இறங்கும்.

பக்கத்தில் நின்ற அச்சுதன் பார்த்துவிட்டான். வார நாளில் சிப் ஃபேக்டரி வேலை, சனிக்கிழமையில் சுடப் பழக்குகிற வேலை. நாற்பது வயது, மெதுவாகப் பேசுவான்.

"ஆன்ட்டி, ஒரு தடவை இதை try பண்ணுங்க" என்று வாடகைப் பிஸ்டல் ஒன்றில் தோட்டாப் பெட்டியைச் செருகி, மேல் பாதியை ஒருமுறை இழுத்துவிட்டுக் கொடுத்தான்.

அவள் சுட்டாள். விசை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. பிஸ்டலின் மேல் பாதி கண் இமைப்பதற்குள் பின்னால் போய் முன்னால் வந்தது. காலித் தோட்டா வலது பக்கம் பறந்து விழுந்தது. அவள் அப்படியே நின்றாள்.

"சுடுங்க ஆன்ட்டி, அடுத்தது ready."

"யார் ரெடி பண்ணினது?"

"அதேதான்."

மறுபடி சுட்டாள். மறுபடி அது பழையதைத் துப்பிவிட்டு, புதியதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தது. சுட்ட வேகத்தின் உதையை வீணாக்காமல் அடுத்த வேலைக்கே எடுத்துக்கொள்கிறது. யாரும் தொடவில்லை, யாரும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ இயந்திரங்களைப் பார்த்தவள். தானே ஏறி இறங்கும் கட்டில், மூச்சுக்கு மூச்சு அளந்து கொடுக்கும் ஆக்சிஜன் பெட்டி, எல்லாம் சுவரில் செருகினால்தான் வேலை செய்யும். உள்ளங்கை அளவு இரும்பு தன் உதையிலேயே தன்னை நடத்திக்கொள்வதை அன்றுதான் பார்த்தாள். எட்டுத் தோட்டாவும் வட்டத்துக்குள் விழுந்தன. கட்டைவிரல் வாயே திறக்கவில்லை.

"இது எனக்கு வேணுங்க தம்பி" என்றாள்.

"வேணும்னா இதைப் பண்ணிக் காட்டுங்க" என்று அச்சுதன் காலிப் பிஸ்டலைக் கொடுத்தான். மேல் பாதியைப் பின்னால் இழுத்துத் திறக்க வேண்டும். ஸ்லைடு என்பார்கள். அவள் இழுத்தாள். ஸ்லைடு நகரவில்லை, விரல்தான் அலறியது.

அவன் வருத்தத்தோடு சொன்னான். "கடையில நீங்களே திறந்து காட்டணும் ஆன்ட்டி. Demo-ல fail ஆனா கையில தரமாட்டாங்க. அது law. பழசா ஒண்ணு பாருங்க, spring இளகியிருக்கும். அப்புறம், இழுக்காதீங்க. இடது உள்ளங்கையால ஸ்லைடை மூடிப் பிடிச்சு, நெஞ்சுகிட்ட வச்சுக்கிட்டு, வலது கையை முன்னாடி தள்ளுங்க. ஆளைத் தூக்குற மாதிரி, உடம்பு பலத்துல. இன்னொண்ணு, பெட்டியை எடுத்துட்டா பாதி வேலைதான். உள்ள குழல்ல தோட்டா ஒண்ணு உக்காந்திருக்கும்."

"சரி சரி" என்றாள். தள்ளுவது மனதில் பதிந்தது. கடைசி வாக்கியம் காதோடு போயிற்று. வெளிச்சம் பார்த்தே பழகியவளுக்கு உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும் என்பது வெறும் பேச்சாகவே இருந்தது.

இரண்டு வாரம் வீட்டில் சப்பாத்திக் கட்டையைப் பிடித்துத் தள்ளிப் பழகினாள். ஜனவரியில் சிவா விஷ்ணு கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் இலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஷ்யாமளா மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சன்னிவேல்காரி, வயது அறுபத்தேழு, மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவரை இழந்தவள். கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே வசந்தாமணி விஷயத்தைச் சொன்னாள்.

மாமி தயிர்சாதத்தை நிறுத்தினாள். "எங்காத்துலயே ஒண்ணு கிடக்கே! மாமா வாங்கினது. எதிர்த்தாத்துல break-in ஆச்சே, அப்போ. என் பேருக்கு paperwork எல்லாம் பண்ணியாச்சு. எனக்கு அது எதுக்கு? நீங்க எடுத்துக்கோங்கோ."

"மொதல்ல என் கையால அது திறக்குதான்னு பாக்கோணுங்க மாமி. திறக்கலீன்னா வேண்டாம். ரிவால்வரையும் குடுத்துட்டு மகன் வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சன்னிவேல் போனாள். மாமி மகள் ரக்ஷாவோடு இருந்தாள். ரக்ஷா வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். கூடத்தை ஒட்டிய அறைக்குள்ளிருந்து "கேன் எவ்ரிஒன் ஸீ மை ஸ்க்ரீன்?" என்ற குரல் வந்துகொண்டிருந்தது.

மாமி ஒரு பூட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். பிஸ்டலின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"மாமி, இது என்னுங்க?"

"சரஸ்வதி பூஜைக்கு வைக்காம இருக்க முடியுமா? மூணு வருஷமா வைக்கறேன். ரக்ஷா laptop, என் வீணை, car சாவி, இது. ஆயுதம்னா நிஜமான ஆயுதம் நம்மாத்துல இது ஒண்ணுதானே? துருப்பிடிக்கப் படாதேன்னு வருஷா வருஷம் துடைச்சுத் தேங்காய் எண்ணெயும் தடவிடுவேன். அருவாமணைக்குத் தடவற மாதிரி."

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. "குண்டு?"

"அவர் போன பத்தாம் நாளே அந்த டப்பாவை உருவித் தனியா வச்சுட்டேன். இதோ." தோட்டாப் பெட்டி ஒரு ஊறுகாய் ஜாடிக்குள் இருந்தது. "காலி. பயமே வேண்டாம்."

வசந்தாமணி பிஸ்டலைக் கையில் எடுத்தாள். அளவான கனம். கைக்குச் செய்த மாதிரி உட்கார்ந்தது. வழக்கம்போல வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கம் தூக்கினாள். இதில் துளை ஏது? எல்லாப் பக்கமும் மூடிய இரும்பு. கீழே இறக்கினாள். தோட்டாப் பெட்டியைத்தான் எடுத்தாயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள் நினைப்பெல்லாம் ஸ்லைடு திறக்குமா என்பதில்தான் இருந்தது.

பிடித்து இழுத்தாள். நகரவில்லை. இன்னொரு முறை. அசைவே இல்லை. கட்டைவிரலின் வலி முழங்கை வரை ஏறியது. குனிந்து பார்த்தாள். ஸ்லைடின் விளிம்பு முழுக்க வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. ஜனவரிக் குளிரில் தேங்காய் எண்ணெய், அலமாரியில் இருக்கிற பாட்டிலில் எப்படி இருக்குமோ, அப்படியே இங்கேயும் கட்டியாக இருந்தது. அதோடு மூன்று வருஷத்துச் சந்தனமும் சேர்ந்து பசையாகியிருந்தது.

தோற்றுவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. ஆஸ்டினில் கவின் வீட்டு விருந்தினர் அறைக் கட்டில்கூட கண்ணில் வந்துபோனது.

மாமிக்கு மனசு கேட்கவில்லை. "அதை விடுங்கோ வசந்தா. Trigger-தானே உங்களுக்குக் கஷ்டம்? அதை அழுத்திப் பாருங்கோ, லேசா இருக்கும். காலிதானே? நானே வருஷா வருஷம் பூஜையில வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அழுத்திப் பார்த்துட்டுத்தான் வைப்பேன். ஒரு சத்தம் வராது."

வசந்தாமணியின் ஆள்காட்டி விரல் விசையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

"சத்தம் வராதா?"

"வரவே வராது."

"டிக்குன்னுகூட?"

"ஒண்ணுமே இல்ல. அதான் சொல்றேனே, காலி."

பதினோரு வருஷத்தில் காலி ரிவால்வரின் விசையை அவள் எத்தனை ஆயிரம் முறை இழுத்திருப்பாள்! ஒவ்வொரு முறையும் சுத்தியல் விழுந்து டிக்கென்று சொல்லும். காலியாக இருந்தால்தான் அந்தச் சத்தமே நன்றாகக் கேட்கும். சத்தமே வராத துப்பாக்கி காலியான துப்பாக்கி இல்லை. எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

அப்போதுதான் காதோடு போன வாக்கியம் திரும்பி வந்தது. பெட்டியை எடுத்துவிட்டால் பாதி வேலைதான்.

விரலை எடுத்து விசைக்கு வெளியே நீட்டி வைத்தாள். குரலை ஏற்றாமல் கேட்டாள். "மாமி, அழுத்திப் பாத்தீங்களே, எங்க உக்காந்து பாத்தீங்க? எந்தப் பக்கம் பாத்து?"

"இங்கதான், கோலம் போட்ட பலகைக்கு முன்னாடி. இப்படி." மாமி கையை நீட்டிக் காட்டினாள். நீட்டிய விரல் ரக்ஷாவின் அறைக் கதவைக் காட்டியது. உள்ளே யாரோ சிரித்தார்கள். "நெக்ஸ்ட் ஸ்லைடு ப்ளீஸ்" என்றது ரக்ஷாவின் குரல்.

வசந்தாமணி எழுந்தாள். வேலைக்கு இறங்கிவிட்டால் அவளுக்கு வேறு நினைப்பு வராது. "மாமி, அரிசி மூட்டை எங்க இருக்குது?"

"Pantry-ல. நாப்பது பவுண்டு. போன வாரம்தான் வந்தது. எதுக்கு?"

"என் பின்னால வந்து நில்லுங்க. ரக்ஷா! வெளிய வா கண்ணு. எனக்குப் பின்னாடி வா."

"ஆன்ட்டி, ஐ ஆம் இன் எ மீட்டிங்!"

"மீட்டிங் அப்புறம் பாத்துக்கலாம். வா."

முதியோர் இல்லத்தில் பிடிவாதக்காரக் கிழவர்களை எழுந்து நிற்கவைத்த குரல் அது. ரக்ஷா காதில் மாட்டிய ஹெட்செட்டோடு வெளியே வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வசந்தாமணி சாமான் அறை வாசலில் நின்று பிஸ்டலின் வாயை அரிசி மூட்டையின் நடுவயிற்றில் பதித்த மாதிரி திருப்பினாள்; வெடித்தாலும் குண்டு அரிசியில் புதைந்துவிடும். கட்டைவிரலை நம்பவில்லை. இடது உள்ளங்கையால் ஸ்லைடைப் போர்த்திப் பிடித்தாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டினாள். படுக்கையிலிருந்து ஒரு கனத்த ஆளை எழுப்புவதற்கு முன்னால் எப்படிக் கால்களை அகட்டி, மூச்சை அடக்குவாளோ அப்படி நின்று, வலது கையை முன்னால் தள்ளினாள். முதலில் பசை முறிகிற சத்தம், வெல்லப் பாகு கம்பி ஒடிகிற மாதிரி. இன்னும் தள்ளினாள். ஸ்லைடு நகர்ந்தது.

உள்ளேயிருந்து பித்தளை நிறத்தில் ஒன்று எகிறியது. அரிசி மூட்டையில் மோதி, தரையில் விழுந்து, உருண்டுபோய் மாமியின் கால் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டு நின்றது. முனையில் குண்டோடு, முழுசாக.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ரக்ஷாவின் ஹெட்செட்டில் யாரோ அவள் பேரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

"ஓ மை காட், அம்மா" என்றாள் ரக்ஷா, மெதுவாக.

வசந்தாமணி பிஸ்டலைத் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கத்தில் நகம் அளவு ஒரு நெம்பு. மேலே தள்ளியிருந்தது. விசை வேலை செய்யாமல் தடுக்கும் பூட்டு அதுதான். மாமியின் கணவர் கஸ்தூரிரங்கன் கடைசியாகப் பூட்டுப் பெட்டிக்குள் வைத்தபோது நகத்தால் அதைத் தள்ளிவிட்டிருக்கிறார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை மாமி துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறாள், எண்ணெய் தடவியிருக்கிறாள், பொட்டு வைத்திருக்கிறாள், மகள் இருக்கும் அறையைப் பார்த்து இரண்டு முறை விசையை இழுத்திருக்கிறாள். ஆறு முறை. துணி ஒரு தடவை அந்த நெம்பைக் கீழே இழுத்திருந்தால் போதும். ஒரு பயறு அளவு இரும்பு மூன்று வருஷம் தன் இடத்தைவிட்டு நகராமல் நின்றிருக்கிறது. எட்டுத் தோட்டாவைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்ட இயந்திரத்தைப் பார்த்து மலைத்தோமே, அது ஒன்றுமே இல்லை என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. செய்வதைவிட, செய்யாமல் இருந்தது பெரிதாகப் பட்டது.

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வசந்தாமணி பிஸ்டலை இன்னொரு முறை தள்ளித் திறந்து, உள்ளே பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, அதன் பிறகே மேசையில் வைத்தாள். தரையிலிருந்த தோட்டாவை எடுத்து ஊறுகாய் ஜாடிக்குள் போட்டாள். பிறகு மாமியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வேகமாத்தான் இருக்குது. ரக்ஷா, தண்ணில உப்பும் சக்கரையும் போட்டுக் கொண்டு வா."

"நான் கொலைகாரி ஆயிருப்பேனே வசந்தா."

"ஆகலீங்க. தண்ணியக் குடிங்க."

"அம்பாள்தான் காப்பாத்தினா."

"அம்பாள் காப்பாத்தட்டும். அடுத்த வருஷம் நீங்களும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. பொட்டு வைக்கறதுக்கு முன்னால உள்ள பாருங்க."

ரக்ஷாவுக்குச் சிரிப்பு வெடித்தது. பயத்தில் வருகிற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாமியும் பாதி அழுகையில் சிரித்தாள்.

"இதை இப்பவே எடுத்துண்டு போயிடுங்கோ. எனக்கு ஆத்துல ஒரு நிமிஷம் வேண்டாம்."

"அப்படி எடுத்துட்டுப் போக முடியாதுங்க. ரெண்டு பேரும் கடைக்குப் போய்த்தான் மாத்தோணும். நாளைக்குக் காலைல போலாம். இன்னிக்கு ராத்திரி பெட்டியில பூட்டிக் கிடக்கட்டும். ஜாடிய நான் எடுத்துட்டுப் போறேன்."

காரில் ஏறி, மலை ஏறும் பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்லைடைத் திறந்தது அவள் கைதான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. உறைந்த எண்ணெயோடு சேர்த்து. ஸ்டியரிங்கின் மேல் கிடந்த கட்டைவிரலைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. எத்தனையோ பேருடைய கடைசி வருஷங்களைத் தூக்கிய கை என்று யாரும் அதைப் பார்த்துச் சொல்லமாட்டார்கள். அவளே அன்றுதான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின்னால் வந்த லாரி ஹார்ன் அடிக்கவே, சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லிவர்மோரில் துப்பாக்கிக் கடை வாசலில் மாமியின் கார் நின்றது. ரக்ஷா ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளைத் தாடிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, பிஸ்டலின் மேலிருந்த சிவப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நிறையத் துருப்பிடித்திருக்கிறதே, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

"அது துரு இல்லை, சாமி கும்பிட்டது" என்று ரக்ஷா ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, சந்தன வாசனையில் இன்னொரு முறை மோந்து பார்த்தார். நாற்பது வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை என்றார். வெந்நீரில் நனைத்த துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, வசந்தாமணியின் பக்கம் நகர்த்தினார். இனி நீங்கள் செய்து காட்டுங்கள் என்றார்.

அவள் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். விரல் வெளியே. தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், இல்லை. உள்ளங்கையால் ஸ்லைடைப் போர்த்தினாள். முழங்கையை ஒட்டினாள், கால்களை அகட்டினாள், தள்ளினாள். எண்ணெய் போயிருந்ததால் நேற்றைவிட லேசாகப் போனது. பின்னால் போன ஸ்லைடு திரும்பாமல் நிற்க ஒரு தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். அந்தக் கட்டைவிரலால். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கிளிக். ஸ்லைடு திறந்தபடி நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலியால்தான்.

கடைக்காரர் அடுத்த கட்டங்களைச் சொல்லச் சொல்ல அவளும் செய்தாள். போலித் தோட்டாவைப் போட்டாள், எடுத்தாள், நெம்பை ஏற்றினாள், இறக்கினாள். அவர் தாளில் டிக் அடித்தார். பத்து நாள் காத்திருந்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கடைசியாக, இப்போது இது காலியா என்று கேட்டார்.

வசந்தாமணி திறந்திருந்த பக்கத்தை மாமியிடம் திருப்பினாள்.

"நீங்க பாருங்க மாமி. கண்ணால மட்டும் பாத்தாப் போதாது. விரலை விட்டுப் பாருங்க."

மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டாள், சுற்றிலும் தடவினாள், எடுத்தாள். விரல் நுனியில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.

"காலி" என்றாள்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாளை மாமியின் பக்கம் நகர்த்தினார்.